கடைவாய்ப் பல்லில் வெள்ளை அடைப்பு எத்தனை வருடம் தாங்கும்?

பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: கடைவாய்ப் பல் சொத்தைக்குப் பல் நிறத்தில் காம்போசிட் என்ற பிசின் கலவை அடைத்தால் நிலைக்குமா, பழைய வெள்ளி அடைப்பே மேலா என்று.

நிலைக்கும். நன்றாகச் செய்தால் 10 வருடம் சாதாரணம்; பெரும்பாலான ஆய்வுகளில் ஆண்டுக்கு 100-க்கு 1 முதல் 3 வரைதான் கெடுகின்றன. அதுவும் பெரும்பாலும் ஓரத்தில் மறுபடி சொத்தை வந்து, இல்லையென்றால் உடைந்து.

காம்போசிட் நீல ஒளியில் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால்தான் வழக்கமாக 2 மில்லிமீட்டர் அடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்குக் காட்டுகிறார்கள். எச்சில் பட்டால் ஒட்டாது. வாயில் ரப்பர் திரை கட்டினால் சகித்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ்டவுனில் வைத்த என் அடைப்பு 9 வருடமாக முறுக்குக் கடிக்கிறது!

ஆனால் தினம் நாலு தே தாரேக் (இனிப்பான பால் தேநீர்), அடிக்கடி சொத்தை என்கிற வாய்க்கு வெள்ளிதான் கூடுதலாகத் தாங்கும். அப்புறம், ஓரத்தில் கறை தெரிந்தால் உடனே பெயர்க்கச் சொல்லாதீர்கள். பல நேரம் மெருகு போட்டாலே போதும்.