வாசகர் கேள்விகள்: ட்ரோனுக்கு முதல் சார்ஜர்

கேள்வி: சின்ன எஃப்.பி.வி. ட்ரோன் (அதன் கேமரா காட்டுவதைப் பார்த்தே ஓட்டும் ரகம்) ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கி நானே சேர்த்துவிட்டேன். நான்கு செல், 1500 எம்.ஏ.எச். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகள் மூன்று இருக்கின்றன. சார்ஜர்தான் பாக்கி. 80 வாட், 300 வாட், 600 வாட், ஒரு போர்ட், நான்கு போர்ட் என்று பார்த்துப் பார்த்துத் தலை சுற்றுகிறது. எதை வாங்கலாம்?

பதில்: பேட்டரியை வாங்கிவிட்டுச் சார்ஜரைத் தேடுகிறீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதனால் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இல்லை.

முதலில் கணக்கு. லைப்போ செல் ஒன்று முழுக்க நிரம்பினால் 4.2 வோல்ட். உங்களுக்கு நான்கு செல், ஆக 16.8. ஒரு பேட்டரியின் கொள்ளளவு எத்தனையோ அத்தனை ஆம்பியரில் ஏற்றுவதை 1சி என்பார்கள். 1500 எம்.ஏ.எச். என்றால் 1.5 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 25 வாட் சொச்சம். அவ்வளவுதான் உங்கள் பேட்டரி கேட்பது. 600 வாட் சார்ஜரை வாங்கி வைத்தாலும் அது இந்த 25-ஐத்தான் கொடுத்துக்கொண்டிருக்கும். நாளைக்கு ஆறு செல்லுக்கு மாறினாலும் 1300 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 33 வாட் போதும். போர்ட்டுக்கு 80 அல்லது 100 வாட், ஆறு செல் வரை தாங்குவது: இந்த இரண்டும் இருந்தால் பல வருஷத்துக்கு உங்களுக்குக் குறையிருக்காது.

பேட்டரியின் மேல் 100சி என்று பெரிதாக அச்சடித்திருக்கிறதே என்பீர்கள். அது மோட்டாருக்கு வெளியே கொடுக்கும் வேகம். உள்ளே வாங்கும் வேகத்தைத் தனியாக, பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். போடவில்லையா, 1சி-யோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாட் விஷயம் இத்தனை எளிது. நான் அதிகம் பார்க்கச் சொல்வது திரையைத்தான்.

என் முதல் சார்ஜர் உள்ளங்கை அளவுதான். திரை கிடையாது, பட்டன் கிடையாது. பேட்டரியின் வெள்ளை பேலன்ஸ் கனெக்டரை, அதாவது ஒவ்வொரு செல்லுக்கும் தனி ஒயர் போகும் சின்ன பிளக்கை, செருகினால் சிவப்பு விளக்கு, நிரம்பினால் பச்சை. எனக்கு அது தெய்வ வாக்கு மாதிரி. இரண்டு மாதத்தில் மூன்று செல் பேட்டரி ஒன்று தலையணை மாதிரி உப்பியது. சந்தேகப்பட்டு, பச்சை எரிந்த இன்னொரு பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தேன். இரண்டு செல் 4.2, மூன்றாவது 4.31. பச்சை விளக்கு என்னிடம் பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்க எனக்குத்தான் வழியில்லை.

அதனால், ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் தனித்தனியாகத் திரையில் காட்டும் சார்ஜர்தான் வேண்டும். உள்மின்தடையை, அதாவது கரண்டுக்கு செல் தனக்குள்ளேயே போடும் தடையை, மில்லிஓமில் காட்டினால் இன்னும் நல்லது. நான் பேட்டரி வந்த அன்றே அதை ஒரு துண்டு டேப்பில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுவேன். ஆறு மாதம் கழித்து மூன்று செல் அப்படியே இருந்து ஒன்று மட்டும் இரண்டு மடங்கானால், கொஞ்ச நாளாக ட்ரோன் ஏன் தொய்ந்து தொய்ந்து பறக்கிறது என்று புரிந்துவிடும். ஒன்று கவனியுங்கள்: பேட்டரி குளிர்ந்திருந்தால் இந்த எண் ஏறும். ஒரே மாதிரியான வெப்பத்தில் எடுத்த அளவுகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது ஸ்டோரேஜ் மோட். நிரப்பிவிட்டீர்கள், மழை பிடித்துக்கொண்டது, ஒரு வாரம் பறக்க முடியவில்லை. நிரம்பிய லைப்போவை அப்படியே விட்டால் அது உள்ளுக்குள் சீரழியும், உப்பும். செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருக்க வேண்டும். ஸ்டோரேஜ் மோட் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதெல்லாம் ஏற்றும் வாட்தான். இறக்கும் வாட் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். சின்ன சார்ஜர்களில் பெரும்பாலும் 5, 10 தான் இருக்கும். உங்கள் பேட்டரி ஒன்றை 5 வாட்டில் பாதி இறக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று பேட்டரி என்றால் ஒரு மாலை போச்சு. அதற்காகப் பெரிய சார்ஜர் வாங்க வேண்டாம். பறக்கப் போவது உறுதியான பிறகு நிரப்புங்கள், போதும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பெட்டியைத் திறக்கும் முன்பே பாருங்கள். இரண்டாவது சார்ஜரை ஆசை ஆசையாகப் பிரித்தேன். சுவரில் செருக ஒயரே இல்லை! டி.சி. உள்ளீடு மட்டும் உள்ள ரகம், பவர் சப்ளை தனியாக வாங்கணுமாம். பழைய லேப்டாப் அடாப்டர் கிடந்தது, 19 வோல்ட், 65 வாட். அதை வைத்து ஓட்டினேன். நன்றாகவே ஓடியது, ஆனால் சார்ஜரில் எத்தனை வாட் போட்டிருந்தாலும் 55-ஐத் தாண்டவில்லை. உள்ளே அறுபத்தைந்துதானே போகிறது! ஏ.சி., டி.சி. இரண்டையும் ஏற்கும் ரகங்களில் ஏ.சி.யில் ஒரு வாட், டி.சி.யில் வேறு வாட் என்று இருக்கும், அதையும் படியுங்கள். வீட்டில் மட்டும்தான் சார்ஜ் செய்வீர்கள் என்றால் நேரே சுவரில் செருகுவதே நிம்மதி.

மூன்று பேட்டரிக்கு இரண்டு போர்ட் உள்ளது வசதி. பேரலல் போர்டில் மூன்றையும் ஒன்றாக மாட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். வோல்ட் வித்தியாசமான பேட்டரிகளை அதில் மாட்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கட்டுப்பாடே இல்லாமல் கரண்ட் பாயும். முதல் வருஷம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது சூடு பட்டவன் சொல்வது. வாழைப்பழ பிளக் (பனானா பிளக்) வைத்த சார்ஜ் ஒயர் வந்தால், முதலில் அதைச் சார்ஜரில் செருகுங்கள், அப்புறம்தான் பேட்டரி. நான் ஒருநாள் மாற்றிச் செய்தேன். பேட்டரியில் மஞ்சள் எக்ஸ்.டி.60 கனெக்டரை மாட்டிய நொடியில், மறுமுனையில் தொங்கிய இரண்டு பிளக்கும் ஒன்றையொன்று தொட்டன. ஒரு வெடிச் சத்தம், நீல வெளிச்சம். பிளக் இரண்டும் ஒட்டி உருகியிருந்தன. அந்த ஒயரை இன்னும் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: சார்ஜர் தானாக நின்றுவிடும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்கிறான் என் மகன். சரியா?

பதில்: நிற்கும்தான், அம்மா. நிற்காமல் போகும் ஒரு நாளில் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது. ஆள் விழித்திருக்கும்போது, தரை ஓட்டின் மேல், திரைச்சீலையும் படுக்கையும் பக்கத்தில் இல்லாத இடத்தில் போடச் சொல்லுங்கள். பேலன்ஸ் கனெக்டரையும் செருக வேண்டும். நல்ல சார்ஜர் அதை வைத்துத்தான் செல்களை எண்ணும், எண்ணிக்கை பொருந்தாவிட்டால் ஆரம்பிக்காது. மெனுவில் லைப்போ என்று இருக்கிறதா என்பதை ஒவ்வொரு தடவையும் பார்க்கட்டும். நிக்கல் பேட்டரிக்கான மோடில் லைப்போவை ஏற்றினால் நெருப்புதான். பறந்து வந்த சூட்டோடு மாட்டக் கூடாது. உப்பியதை எப்போதுமே மாட்டக் கூடாது.

கேள்வி: மடக்கும் கேமரா ட்ரோன் வைத்திருக்கிறேன். நானும் இப்படி ஒன்று வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த பேட்டரிக்குள்ளேயே செல்களைக் கவனிக்கும் சர்க்யூட் இருக்கிறது. கூட வந்த சார்ஜரே போதும்.

கேள்வி: வீட்டுக்குள் பறக்கும் குட்டி ட்ரோன், ஒரே செல், 300 எம்.ஏ.எச். இதற்கும் திரை வைத்த பெரிய சார்ஜரா?

பதில்: இல்லை. ஒரு செல்லுக்கென்றே நான்கு, ஆறு பேட்டரியை ஒரே சமயத்தில் மாட்டும் சின்ன சார்ஜர்கள் உண்டு. ஒவ்வொரு துளைக்கும் வோல்ட் காட்டுவதாகப் பாருங்கள். 0.3 ஆம்பியருக்கு இறங்குமா என்றும் பாருங்கள். கனெக்டர் பி.எச்.2.0-வா, பி.டி.2.0-வா என்பதும் பேட்டரியோடு பொருந்த வேண்டும். இந்தக் குட்டி பேட்டரிகள் பல எச்.வி. (ஹை வோல்டேஜ்) ரகம், 4.35 வோல்ட் வரை ஏறும். சாதாரண லைப்போவை அத்தனை ஏற்றக் கூடாது. அதனால் சார்ஜரில் 4.2-க்கும் 4.35-க்கும் நடுவே ஒரு சுவிட்ச் இருக்கும். பையில் போட்டு எடுக்கும்போது அது தானாக நகர்ந்துவிடுகிறது. நான் அதன் மேல் ஒரு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.