செல், திசு, உறுப்பு மண்டலம்: ஒப்பிக்கிறான், ஆனால் புரியவில்லை. ஏழாவது படிக்கும் பையனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இது: "செல்கள் சேர்ந்தால் திசு, திசுக்கள் சேர்ந்தால் உறுப்பு, உறுப்புகள் சேர்ந்தால் உறுப்பு மண்டலம்" என்று பையன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறான். "ரத்தம் இதில் எது?" என்று கேட்டால் விழிக்கிறான். கும்பகோணம் பக்கம் கிராமம், வீட்டில் மைக்ராஸ்கோப் கிடையாது, என்ன செய்யலாம்?

நான் மன்னார்குடிப் பக்கம் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போதும் சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். செல்லைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திப்போடுங்கள். திசுவிலிருந்து ஆரம்பியுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் சறுக்குவது அந்த நடுப்படியில்தான். செல்லுக்குப் பாடத்தில் பெரிய வண்ணப்படம் இருக்கிறது. உறுப்பு என்றால் இதயம், நுரையீரல் என்று கேட்ட பெயர்கள். திசுவுக்கு மட்டும் ஒரு வரி வரையறை, அதோடு சரி. அது தனிப் பாடமாக விரிவாக வருவது ஒன்பதாவதில். அதுவரை திசு என்பது இட்டு நிரப்பும் ஒரு சொல்தான். "செல் என்பது செங்கல், உடம்பு என்பது வீடு" என்று சொல்லித்தருவது இதை இன்னும் கெடுக்கிறது. செங்கல் எல்லாம் ஒரே அச்சு. செல் அப்படி இல்லை. தண்டுவடத்தில் ஆரம்பித்துப் பாதம் வரைக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடும் நரம்பு செல் நம் உடம்பில் இருக்கிறது. செங்கல்லை மனசில் வைத்துக்கொண்ட பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்?

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். தோல் உரிக்காத முழுக் கோழித்தொடை ஒன்று, பாதத்தோடு ஒரு கோழிக்கால். தனியாகக் கேட்டால் கடைக்கார பாய் ஒரு மாதிரி பார்ப்பார், ஆனால் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்து ஒரு தட்டில் வைத்து மெதுவாகப் பிரியுங்கள். அவசரம் வேண்டாம், இந்த ஒரு தட்டிலேயே முக்கால் பாடம் இருக்கிறது.

முதலில் தோல். அதன் மேற்படலம் எபிதீலியத் திசு. உடம்பின் வெளிப்புறத்தையும் குடல், ரத்தக்குழாய் மாதிரி உள்கூடுகளின் பரப்பையும் போர்த்துவது இந்த வகைதான். தோலை இழுத்தால் கறிக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய ஜவ்வு கிழியும், மஞ்சள் கொழுப்பு தெரியும். இரண்டுமே இணைப்புத் திசு. அடுத்து கறி, அதாவது தசைத் திசு. தசைகளை விரலால் விலக்கிக்கொண்டே எலும்பை நோக்கிப் போனால், நடுவில் வெள்ளையாக ஒரு கயிறு நீளவாக்கில் ஓடும். ரத்தக்குழாய் என்று நினைப்பான். நறுக்கிப் பாருங்கள், உள்ளே துளை இருக்காது. அது நரம்பு. உடம்பின் திசுக்களை எபிதீலியம், இணைப்பு, தசை, நரம்பு என்று நான்கு பெரிய வகையாகப் பிரிப்பார்கள். ஆக நான்கும் ஒரே தட்டில் வந்தாயிற்று.

மூட்டு முனையில் எலும்பின் மேல் நீலம் ஓடிய வெள்ளையாக, வழவழவென்று ஒரு பூச்சு இருக்கும். குருத்தெலும்பு. நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டிக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொன்னது இது தேய்வதைத்தான். இதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் ஊட்டம் கிடைக்கிறது. தேய்ந்தால் சுலபத்தில் ஆறாததற்கு அது ஒரு காரணம்.

பாதத்தோடு வாங்கிய காலை இப்போது எடுங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் வெள்ளை நாண்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்க நாணைப் பிடித்து இழுத்தால் செத்த கோழியின் விரல்கள் மடங்கும். முன்பக்கத்ததை இழுத்தால் விரியும். இதற்கு ஒரு அலறல் நிச்சயம், அப்புறம் அரை மணி நேரம் அதை விடமாட்டான். ஆசை தீர இழுத்து முடித்ததும் அவனுடைய முன்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது விரல்களை ஆட்டச் சொல்லுங்கள். அசைவது முன்கைச் சதை. நம் விரல்களுக்குள் அவற்றை மடக்குகிற தசை கிடையாது. தசை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கிறது, விரலுக்கு வருவது தசைநாண் மட்டும்தான். கோழிக்காலில் பார்த்ததற்கும் தன் கைக்கும் அவனே முடிச்சுப் போட்டுக்கொள்வான். (பச்சைக் கறியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வேறெதையும் தொட விடாதீர்கள்.)

பிறகு அதையே வேகவையுங்கள். வெந்த கறி நார் நாராகப் பிரியும். நாம் பார்க்கும் ஒரு நார் ஒரு செல் இல்லை, பல தசைச் செல்கள் சேர்ந்த கட்டு. அந்தக் கட்டுகளைச் சுற்றியிருந்த இணைப்புத் திசு சூட்டில் இளகிப்போனதால்தான் பிரிகிறது. ஆட்டுக்கால் பாயா ஆறியதும் கெட்டியாக உறைவதும் இதனால்தான்: இணைப்புத் திசுவில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் வெந்து ஜெலட்டினாக மாறிவிடுகிறது. தசை ஒரு மாதிரி வேகிறது, ஜவ்வு ஒரு மாதிரி, எலும்பு வேகவே மாட்டேன் என்கிறது. திசு என்றால் வேறுபாடு என்பது சமையல் செய்கிற உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பையனுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இது என் சொந்த உத்தி என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் பிஷா என்று ஒரு டாக்டர் இருந்தார், 1771இல் பிறந்தவர். பிணங்களை அறுத்து, உள்ளே இருப்பதை வேகவைத்து, உலர்த்தி, ஊறவைத்து, அமிலத்தில் போட்டு, எது எப்படி மாறுகிறது என்று பார்த்தே மனித உடம்பில் 21 வகைத் திசுக்களைப் பிரித்துக் காட்டினார் (இன்றைய நான்கு பெரிய வகை என்ற கணக்கு வேறு). மைக்ராஸ்கோப் மேல் அவருக்கு நம்பிக்கையே இல்லை. 1802இல், முப்பது வயதில் இறந்துபோனார். தாவரங்கள் செல்களால் ஆனவை என்று ஷ்லைடன் 1838இலும், விலங்குகளும் அப்படித்தான் என்று ஷ்வான் 1839இலும் சொன்னது அதற்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து. செல் என்ற பெயரை ராபர்ட் ஹூக் 1665லேயே வைத்துவிட்டார் என்பது வாஸ்தவம், ஆனால் அவர் பார்த்தது தக்கையின் வெற்றுக் கூடுகளை. மனித உடம்பைப் பொறுத்தவரை திசுதான் முதலில் பிடிபட்டது. அப்புறம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் தலைகீழாகச் சொல்லித்தர வேண்டும்?

சைவ வீடாக இருந்தாலும் கவலை இல்லை. டெல்டாவில் அக்ரஹாரத்துப் பிள்ளைகளும் என்னிடம் படித்தார்கள், அவர்களுக்கு அவரவர் உடம்பேதான் தட்டு. காதின் மேல்பகுதியை மடக்கி விட்டால் பட்டென்று நிமிரும், உள்ளே வளையும் குருத்தெலும்பு. தொங்கும் காதுமடலில் அது இல்லை, கிள்ளிப் பார்த்தால் தெரியும். குதிகாலுக்கு மேலே பின்பக்கம் விறைப்பாக நிற்பது தசைநாண். மணிக்கட்டில் துடிப்பது ரத்தக்குழாய்.

இனி ரத்தம். அது ஒரு திசு, இணைப்புத் திசு வகை. திரவம் எப்படித் திசுவாகும் என்பதுதான் பிள்ளைகளின் சிக்கல். வீட்டில் யாருக்காவது எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு கிடக்கும், அதைத் தேடி எடுங்கள். அதில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று வரிசையாக எண்ணிக்கை போட்டிருக்கும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில், அதாவது குண்டூசித் தலை அளவுத் துளியில், சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள். இவை எல்லாம் பிளாஸ்மா என்ற திரவத்தில் மிதக்கின்றன. செல்களும் அவற்றுக்கு இடையில் உள்ள பொருளும் சேர்ந்ததுதான் இணைப்புத் திசு. எலும்பில் அந்த இடைப்பொருள் கெட்டி, ரத்தத்தில் திரவம். இவ்வளவுதான் வித்தியாசம். டெங்கு காலத்தில் "பிளேட்லெட் இறங்கிடுச்சு" என்று ஊரே பேசுமே, அந்தத் தட்டணு முழு செல்கூட இல்லை, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு பெரிய செல்லிலிருந்து உடைந்து வரும் துணுக்கு.

புத்தகத்தில் "செல்லின் மையத்தில் உட்கரு" என்று படித்தவனிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள்: மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது. தட்டில் இருந்த கோழியின் சிவப்பணுவில் உண்டு. உட்கருவை வெளியேற்றிவிட்டு ஹீமோகுளோபினுக்கு இடம் விட்ட நம் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து மடிகிறது. வளர்ந்த மனித உடம்பில் ஏறக்குறைய 30 லட்சம் கோடி செல்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் இந்தச் சிவப்பணுக்களே. உடம்பின் பெரும்பான்மை செல்களுக்கு உட்கரு இல்லை என்றால் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

இதற்கப்புறம் செல்லுக்கு வாருங்கள். பள்ளியில் மைக்ராஸ்கோப் நிச்சயம் இருக்கும், பூட்டிய பீரோவுக்குள் இருக்கவும் வாய்ப்புண்டு. டீச்சரிடம் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு ஐஸ்கிரீம் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை லேசாக வழித்து, கண்ணாடித் துண்டில் தடவி, மெத்திலீன் நீலம் என்ற சாயம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் போதும். ஓரம் ஒழுங்கில்லாத வெளிர் நீலச் சில்லுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் அடர்நீலப் புள்ளி. அந்தப் புள்ளி உட்கரு. பக்கத்திலேயே வெங்காயத்தோலையும் வைத்துப் பார்க்கட்டும்: அதில் செல்சுவர் இருப்பதால் கட்டம் கட்டமாக நிற்கும், நம் கன்னத்துச் செல்லுக்குச் சவ்வு மட்டும்தான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பள்ளி மைக்ராஸ்கோப்பில் புத்தகப் படத்தில் உள்ளபடி மைட்டோகாண்ட்ரியா, எண்டோபிளாச வலை எல்லாம் தெரியாது. இல்லாவிட்டால் பிள்ளை ஏமாந்துபோகும். மெனக்கெட முடிந்தால் ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித மைக்ராஸ்கோப்பை வரவழைக்கலாம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கியது, மற்ற மைக்ராஸ்கோப்போடு பார்த்தால் விலை வெகு மலிவு.

மண்டலங்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுப் படிக்க வைக்காதீர்கள். ஏதாவது ஒரு நிகழ்வைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் உங்கள் பையன் கரையேறுவானா? ஏறும்போது விரல் நுனியைப் பாருங்கள், சுருங்கியிருக்கும். நாள் முழுக்கச் சேற்றில் நின்று நடவு நடும் பெண்களின் கையிலும் இதே சுருக்கம். தோல் தண்ணீரை உறிஞ்சி ஊறிப்போனதால் என்றுதான் பெரியவர்களே சொல்வார்கள். ஆனால் விரலுக்குப் போகும் நரம்பு அறுபட்டவர்களுக்கு எவ்வளவு நேரம் தண்ணீரில் வைத்தாலும் அந்த விரலில் சரியாகச் சுருக்கம் விழாது. நடப்பது இது: ஈரம் பட்ட சேதியை நரம்பு கொண்டுபோகிறது, நரம்பு வழியாகவே கட்டளை திரும்பி வருகிறது, விரல் நுனியின் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் மென்தசை இறுகுகிறது, குழாய் குறுகுகிறது, உள்ளே கன அளவு குறைந்ததும் மேல்தோல் மடிகிறது. நரம்பு மண்டலம், ரத்த ஓட்ட மண்டலம், தோல் மூன்றும் ஒரு விரல் நுனியில் வேலை செய்திருக்கின்றன. திசுக்கணக்கில் பார்த்தால் எபிதீலியம், தசை, நரம்பு, இணைப்பு நான்கும் உண்டு. ஒரு தாளில் இதை அம்புக்குறி போட்டு அவனே வரையட்டும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, காரம் தின்றால் மூக்கு ஒழுகுவது என்று அடுத்தடுத்து அவனே கொண்டுவருவான்.

அப்படி வரையும்போது ஒரு உறுப்பு இரண்டு மண்டலத்தில் வந்து நிற்கும், "எது சரி?" என்று கேட்பான். இரண்டும் சரி. மண்டலம் என்பது படிப்பதற்கு வசதியாக நாம் போட்ட எல்லை, உடம்புக்கு அந்தக் கோடு கிடையாது. கணையம் செரிமான நீரையும் சுரக்கிறது, இன்சுலினையும் சுரக்கிறது. பரீட்சையில் செரிமான மண்டலப் படம் கொடுத்தால் கணையத்தை அங்கே குறிக்கட்டும். கேள்வியில் இன்சுலின் என்று வந்தால் நாளமில்லாச் சுரப்பி மண்டலம் என்று எழுதட்டும்.