செல்போன் இருக்கும்போது 120 என்கிற அகலமான ஃபிலிம் ரோல் போடும் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவது வீண் வேலைதானே?

வீண் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. அநேகமாக உங்கள் வீட்டு பீரோவிலும் தாத்தா காலத்துக் கேமரா ஒன்று இருக்கும், விற்றுவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். விற்காதீர்கள்.

என் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தவர். மேலே இருக்கும் கண்ணாடியில் குனிந்து பார்த்துப் படமெடுக்கும் அவருடைய யாஷிகா மேட் 124ஜி கேமரா பல வருஷம் பரணில் கிடந்து என் கைக்கு வந்தது. டிஜிட்டலை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மகள் பிறந்தநாளை நானும் செல்போனில்தான் எடுக்கிறேன். பணக்காரப் பொழுதுபோக்கும் இல்லை. கலர் ரோல் கட்டுப்படியாகாததால் கருப்பு வெள்ளைதான், அதையும் வீட்டு பாத்ரூமில் நானே கழுவுகிறேன். மாதம் ஒரு ரோல், 12 படம். சந்தைக்குப் போகும்போதும் தோளில் மாட்டிக்கொள்வேன். சில நாள் ஒன்றுகூட எடுக்காமல் திரும்புவேன்.

போன வருஷம் தனுஷ்கோடி போனோம். 1964 புயலில் இடிந்த சர்ச் பக்கத்தில் ஓர் அம்மா சங்கு, சோழி விற்றுக்கொண்டிருந்தார். செல்போனை நீட்டிய இரண்டு பேரிடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சற்றுத் தள்ளி, கேமராவை வயிற்றோடு அணைத்து, குனிந்து அந்தச் சர்ச் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெயிலில் மேல் கண்ணாடியில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

"என்ன தாயி, பொட்டிக்குள்ள எதைத் தேடுற?" என்று எழுந்து வந்தவர், நான் சொல்லாமலே முந்தானையை விரித்து மேலே நிழல் பிடித்தார். அவரையும் பார்க்கச் சொன்னேன். லென்ஸ் முன்னால் கையை நீட்டினார். வலப்பக்கமிருந்து போன கை கண்ணாடியில் இடப்பக்கமிருந்து வந்தது. நாலைந்து தடவை நீட்டிப் பார்த்தார். அப்புறம் அவரே போய்க் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, "எடு" என்றார். ஒரே ஒரு க்ளிக். இதன் நெகட்டிவ் வழக்கமான சின்ன 35 மிமீ ஃபிலிமைப்போல மூன்றரை மடங்கு பெரியது. பிரிண்டில் சோழியின் புள்ளிகளை எண்ணலாம். அடுத்த முறை போனபோது ஒரு பிரிண்ட் கொடுத்தேன். கையை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார்.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அப்பா போனதும் சித்தப்பா ஸ்டூடியோவைக் காலி செய்து, நெகட்டிவ் எல்லாவற்றையும் அதிலிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்களுக்கு எடைக்குப் போட்டுவிட்டார். எங்கள் தெருவின் முப்பது வருஷக் கல்யாணங்கள் அதில் இருந்தன. அம்மாவை அப்பா முதன்முதலில் எடுத்த படமும்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "பூஞ்சை புடிச்சுக் கெடந்துச்சும்மா" என்கிறார். பிடித்திருந்தால் என்ன? இன்றைக்கும் அவர் வீட்டில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

சரி, உங்கள் கேமராவுக்கு வருகிறேன். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். வெளிச்சத்தை அளக்கும் பழைய லைட் மீட்டர் இருந்தால் அதை நம்பாதீர்கள். பல மீட்டர்களுக்குப் போட்ட பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை, செல்போன் ஆப் போதும். ரோல் முடிந்ததும் நிழலில் கழற்றி, சுருள் தளராமல் அழுத்திப் பிடித்து, காகிதப் பட்டையை நாக்கில் நனைத்து ஒட்டுங்கள். தளர்ந்தால் ஓரத்தில் வெளிச்சம் ஏறிவிடும். என் முதல் ரோலில் நான்கு படம் அப்படித்தான் போயின.