பெரிய நாய்களும் வெளிநாட்டு நாய்களும்: இந்த முறை வந்த கேள்விகள்

நாய்க்கடி பற்றிப் போன முறை எழுதியதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆட்களுடையது. மீதியில் பல, வெளிநாடு போய்வந்தவர்களுடையதும் போகப் போகிறவர்களுடையதும். அவசரமானதை முதலில் எடுக்கிறேன்.

மதுரைக்குக் கோயிலுக்குப் போன இடத்தில் ஒரு நாய்க்குட்டி மகளின் விரலைக் கடித்துவிட்டது. விளையாட்டுக் கடிதான், கொஞ்சம் இரத்தம் வந்தது, மஞ்சள் பூசினோம். 10 நாளாகிறது, பிள்ளை நன்றாக இருக்கிறாள். ஊசி அவசியமா? (மாங்குளம்)

அவசியம், தங்கச்சி. இன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசிக்குக் காசு இல்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்பதை வைத்து இதில் ஒன்றும் சொல்ல முடியாது. விசர்நோய் (ரேபிஸ்) பெரும்பாலும் 2, 3 மாதம் கழித்துத்தான் தலைகாட்டும், சிலருக்கு ஒரு வருடம் கூடப் போகும். தலைகாட்டிய பிறகு எந்த வைத்தியராலும் காப்பாற்ற முடியாது. ஊரில் என்றால் கடித்த நாயை 10, 14 நாள் கட்டி வைத்துப் பார்க்கலாம், மதுரையில் தெருவில் நின்ற குட்டியை யார் போய்ப் பார்ப்பது? குட்டி என்றால் விசர் வராது என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். இரத்தம் வந்த கடி என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், காயத்தைச் சுற்றிப் போடும், உடனே பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்துத் திரும்பவும் சொல்கிறேன். எந்த நாட்டில், எந்த நாய் கடித்தாலும் முதல் வேலை சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. மணிக்கூட்டைப் பார்த்து 15 நிமிடம். மஞ்சளும் வேண்டாம், கோப்பித்தூளும் வேண்டாம்.

மகன் இஸ்தான்புல் போகிறான். அங்கே தெருவெல்லாம் பெரிய பெரிய நாய்களாம், காதில் பிளாஸ்டிக் வில்லையும் இருக்குமாம். வில்லை இருந்தால் தொடலாமா? (வவுனியா)

அந்த வில்லை, நாயைப் பிடித்து ஊசி போட்டு, குட்டி போடாதபடி ஆக்கி விட்டிருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம். அது கடிக்காது என்பதற்கு அல்ல. கடைசியாக எப்போது ஊசி போட்டார்கள் என்பதும் வில்லையில் தெரியாது. படுத்திருக்கும் நாயைத் தாண்ட வேண்டாம், சாப்பிடும் நாய்க்குக் கிட்டப் போக வேண்டாம், போட்டோவுக்காகக் கட்டிப்பிடிக்கவே வேண்டாம். நாட்டுப்புறம் போனால் கங்கால் நாய்களைக் காண்பான். 50, 60 கிலோ உடம்பு, முகம் கறுப்பு, ஓநாய் கழுத்தைக் கவ்வாமல் இருக்க முள்ளு வைத்த இரும்புப் பட்டி போட்டிருக்கும். அது ஆட்டுக்குக் காவல். ஆடு நிற்கிற பக்கம் போகாமல் விட்டால் அதனால் தொந்தரவில்லை. போகுமுன் ஒரு வார இடைவெளியில் 2 தடுப்பூசி போட்டுக்கொண்டால் நல்லது, ஆனால் கடி பட்டால் திரும்பவும் 2 ஊசி போடத்தான் வேண்டும். கழுவுவதும் 15 நிமிடம்தான்.

சுவிஸ் மலையில் நடக்கப் போனோம். ஆட்டுப் பட்டியில் இருந்து ஒரு பெரிய வெள்ளை நாய் குரைத்துக்கொண்டு வந்தது. ஊரில் செய்கிற மாதிரித் தம்பி கல்லெடுக்கக் குனிந்தான், அது இன்னும் மூர்க்கமாகி விட்டது. ஏன்? (சூரிச்)

ஏனென்றால் அது கல்லடி பட்டு வளர்ந்த நாய் இல்லை. எங்கட கட்டாக்காலி நாய்க்குக் குனிந்தாலே விளங்கும், அது பிறந்த நாளில் இருந்து கண்டது அதுதான், பாவம். நீங்கள் கண்டது பிரெனீஸ் மலைநாய் அல்லது மரெம்மானோவாக இருக்கும், இரண்டையும் அங்கே ஓநாய்க்கு எதிராக மந்தையோடு விடுகிறார்கள். தன் ஆட்டை யாரோ தாக்கக் குனிகிறான் என்றுதான் அதற்குப் படும். அப்படி ஒன்று வந்தால் நில்லுங்கள். சைக்கிளில் போனால் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடியுங்கள். கண்ணுக்குள் பார்க்காமல், மெதுவாகப் பேசிக்கொண்டு, மந்தையை நன்றாக விலகிச் சுற்றிப் போங்கள். ஓடாதீர்கள், தடியை ஆட்டாதீர்கள். பாதையில் நாயின் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை இருந்திருக்கும், அதை வாசிக்காமல் போயிருப்பீர்கள்.

எங்கள் நாய் பெரிய சாதி. ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு கொடுக்கலாம்? (மல்லாவி)

என்ன சாதி, எத்தனை மாதம், எத்தனை கிலோ? ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? இப்படிக் கடிதம் மாதம் 10 வருகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: குட்டியாக இருந்தால் எலும்பு பலப்படட்டும் என்று கல்சியம் மாத்திரை கொடுக்காதீர்கள். பெரிய சாதிக் குட்டி ஒன்றரை, இரண்டு வருடம் மெதுவாக வளர வேண்டியது. கூடுதல் கல்சியம் எலும்பைக் கோணலாக்கும். முழு விபரத்தோடு திரும்ப எழுதுங்கள்.

கிளிநொச்சியில் அம்மாவும் அப்பாவும் தனியே இருக்கிறார்கள், அந்தப் பக்கம் களவு கூடிவிட்டது. காவலுக்கு நல்ல பெரிய சாதி நாய் ஒன்று வாங்கிக் கொடுக்க விருப்பம். சென் பேனாட், ரொட்வீலர் இரண்டில் எது திறம்? பணம் பிரச்சினை இல்லை. (ரொறன்ரோ)

இரண்டும் வேண்டாம், தம்பி.

முதலில் சென் பேனாட். கடல் மட்டத்தில் இருந்து 2,500 மீற்றர் அளவு உயரத்தில், சுவிஸ் மலையின் பனிக் கணவாய் மடத்தில் வளர்த்தெடுத்த சாதி அது, 70 கிலோ வரும். நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை ஆற்றும். கிளிநொச்சிச் சித்திரை வெயிலில், அந்த மயிரோடும் அந்த உடம்போடும், மின்சாரம் நின்ற ஒரு மத்தியானம் போதும். உடல் வெப்பம் 41 பாகையைத் தாண்டினால் நான் வந்து சேருவதற்குள் காரியம் முடிந்துவிடும். பனிநாட்டு ஹஸ்கி வாங்க நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

ரொட்வீலர் நல்ல நாய், புத்தியான நாய். ஆனால் அதைப் பழக்கவும் நடத்தவும் உடம்பில் பலமுள்ள ஒரு ஆள் தினமும் வேண்டும். உங்கள் அம்மாவால் முடியுமா? முடியாது, அப்போ சங்கிலியில் கட்டுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வேப்பமரத்தில் கட்டிய ரொட்வீலர். சங்கிலி எட்டுகிற தூரம் வரைக்கும் ஒரு புல்லு இல்லை, மணல் வட்டமாகத் தேய்ந்து பள்ளமாகிக் கிடந்தது, அந்த வட்டத்தின் ஓரத்தில் கவிழ்ந்த அலுமினியச் சட்டி. குட்டியில் போட்ட கழுத்துப் பட்டியை யாரும் மாற்றவில்லை, நாய் வளர வளரப் பட்டி தோலுக்குள்ளே போய்விட்டது, மயிரை விலக்கிப் பார்த்தால் பக்கிள் மட்டும்தான் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு 70 வயதுக்கு மேல். கிட்டப் போகப் பயத்தில் சோற்றுச் சட்டியைத் தும்புத்தடியால் தள்ளி வைத்து வந்திருக்கிறார். மகன் வெளிநாட்டில், வீடியோ அழைப்பில் நாயைக் காட்டச் சொல்லிப் பார்ப்பாராம். மயக்க ஊசி போட்டுப் பட்டியை வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. நாய்க்கும் வேதனை, அந்தத் தாய்க்கும் வேதனை. நான் திரும்பி வரும்வரை இருவருக்காகவும் மனம் கிடந்து அடித்தது. நாயை வாங்கிக் கொடுத்தவர் வளர்க்கப் போவதில்லை என்றால் அந்த நாயை வாங்கக் கூடாது, இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த மாதம் இன்னொரு கடிதம் வருகிறது.

இன்னொன்று. பகலும் இரவும் கட்டிக் கிடக்கிற நாய் காவலும் காக்காது. யாரைப் பார்த்தாலும் ஒரே மாதிரிக் குரைக்கும், கொஞ்ச நாளில் வீட்டுக்காரரே அந்தக் குரைப்பைக் காதில் வாங்க மாட்டார்கள். ஒரு நாள் சங்கிலி அறுந்தால் முதலில் மாட்டுவது படலையால் வருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளை.

அம்மாவுக்கு இரண்டு ஊர்க் குட்டிகளை எடுத்துக் கொடுங்கள். வருடா வருடம் விசர்த் தடுப்பூசி, கருத்தடை, உண்ணிக்கு மருந்து. அந்தக் காசை அனுப்புங்கள். வளவுக்கு ஒழுங்கான வேலி போட்டு இரவில் அவிழ்த்து விடட்டும். கள்ளன் பயப்படுவது குரைக்கிற சத்தத்துக்கு, எடைக்கு அல்ல. கண்ணிவெடி தேட இந்த மண்ணுக்குக் கொண்டுவந்த நாய்களைப் பாருங்கள், மாலினோயும் அல்சேசனும், 30 கிலோ சொச்சம். வேலை செய்கிற நாய்க்கு அவ்வளவு உடம்பு போதும்.

என்னுடைய பிற்புல் நாயை லண்டனுக்குக் கொண்டு போகலாமா? (மன்னார்)

முடியாது. பிரித்தானியாவின் 1991 சட்டத்தில் பிற்புல், ஜப்பானிய தோசா, தோகோ அர்ஹெந்தீனோ, ஃபீலா பிரசிலேரோ நான்கும் தடை, 2023 கடைசியில் எக்ஸ்எல் புல்லியும் சேர்ந்தது. ஜெர்மனியும் பிற்புல்லை இறக்குமதி செய்ய விடாது. வேறு சாதி என்றால் மைக்ரோசிப், விசர்த் தடுப்பூசி, 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அதிலிருந்து 3 மாதக் காத்திருப்பு. விமானச் சீட்டு வாங்கிவிட்டு என்னிடம் வராதீர்கள்.

வாலை ஆட்டுகிற நாய் கடிக்காதுதானே? (நெடுங்கேணி)

கடிக்கும். வால் உயர்ந்து விறைத்து, நுனி மட்டும் ஆடினால் விலகி நில்லுங்கள். இடுப்போடு சேர்ந்து உடம்பே ஆடினால்தான் அது சிநேகம்.

கிரேட் டேன் சாப்பிட்ட பிறகு வயிறு ஊதி, வாந்தி எடுக்கப் பார்க்கிறது, ஒன்றும் வருவதில்லை. ஓமத் தண்ணீர் கொடுக்கலாமா? (பரந்தன்)

வாயால் எதையும் கொடுக்காதீர்கள். வயிறு முறுகியிருக்கலாம், அப்படியென்றால் சில மணி நேரம்தான் இருக்கிறது. இதற்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கலாமா? வாகனத்தில் ஏற்றி, அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய இடத்துக்கு நேரே போங்கள். நெஞ்சு ஆழமான பெரிய சாதி வளர்க்கும் எல்லாரும் ஒரு நாள் சாப்பாட்டை இரண்டு, மூன்று நேரமாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்ட கையோடு ஓடவிடாதீர்கள்.

சென் பேனாட் உண்மையாகவே கழுத்தில் பிராந்திப் பீப்பா கட்டிக்கொண்டுதான் பனியில் சிக்கியவர்களைத் தேடிப் போனதா? (பேர்ண்)

இல்லை. 1820 அளவில் லண்டன் ஓவியர் லாண்ட்சீர் வரைந்த படத்தில் இருந்து பரவிய கதை அது. குளிரில் விறைத்தவனுக்குச் சாராயம் கொடுத்தால் உடம்புச் சூடு இன்னும்தான் இறங்கும். ஆனால் பரி என்ற மடத்து நாய் உண்மை, 1814இல் செத்தது, 40 பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். பதப்படுத்திய உடம்பு உங்கள் ஊர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.