எச்சில் மாதிரியை அனுப்பியாயிற்று, இனி என்ன செய்வது?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். 2019-இல் என் கணவர் மரபணுப் பரிசோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு எச்சில் மாதிரி அனுப்பினார். அது திவாலான செய்தி கேட்டுச் செயலியை நீக்கிவிட்டோம். இப்போது ஆயுள் காப்பீட்டு முகவர் அந்த மரபணு அறிக்கையை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்கிறார். புளோரிடா மாநிலத்து ஆர்லண்டோவில் உள்ள என் கொழுந்தனார், காப்பீட்டு நிறுவனம் அதைக் கேட்கவே கூடாது என்கிறார். எது சரி?

பதில்: கைப்பேசியிலிருந்து செயலியை எடுத்துவிட்டால் தரவு அழிந்துவிடாது. கணக்கின் அமைப்புகள் பகுதியில் தரவை நிரந்தரமாக அழிக்கக் கோரி, மின்னஞ்சலில் வரும் உறுதிப்படுத்தும் இணைப்பையும் அழுத்த வேண்டும். பலர் அந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. அப்படி அழித்தாலும், ஆய்வகம் சட்டப்படி வைத்திருக்கும் பதிவுகளும், முடிந்த ஆய்வுகளில் சேர்ந்துவிட்ட தகவலும் திரும்பி வாரா. 2023-இல் அந்நிறுவனத்தின் ஏறக்குறைய 14,000 கணக்குகளுக்குள் பழைய கடவுச்சொற்களைக் கொண்டு நுழைந்தவர்கள், உறவினரைத் தேடும் வசதியின் வழியாகச் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றதையும் இனி யாரும் அழிக்க முடியாது.

மருத்துவமனையில் எடுக்கும் பரிசோதனைக்கு உள்ள ஹிப்பா (மருத்துவத் தகவலின் ரகசியம் காக்கும் அமெரிக்கச் சட்டம்) பாதுகாப்பு, நாமே பணம் கட்டி அஞ்சலில் அனுப்பும் எச்சிலுக்குப் பொதுவாகக் கிடையாது. கோடிக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவல் 2025-இல் திவால் நீதிமன்றத்தில் ஒரு சொத்தாக விலைபேசப்பட்ட பிறகும் வாஷிங்டனுக்கு இதில் அவசரம் பிறக்கவில்லை.

உங்கள் கொழுந்தனார் சொல்வது அவர் ஊருக்குச் சரி. மரபணுவைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் 2008-ஆம் ஆண்டின் ஜினா என்ற நாடு தழுவிய சட்டம் மருத்துவக் காப்பீட்டையும் வேலைவாய்ப்பையும் மட்டுமே காக்கிறது. ஆயுள் காப்பீடு, உடல்திறன் இழப்புக் காப்பீடு, நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு ஆகிய மூன்றும் அதன் வேலிக்கு வெளியே நிற்கின்றன. அந்த ஓட்டையைப் புளோரிடா 2020 ஜூலையில் தன் எல்லைக்குள் அடைத்தது. அங்கும், நோய் இருப்பதாக மருத்துவர் ஏற்கெனவே கண்டறிந்திருந்தால் அதைக் காப்பீட்டாளர் கணக்கில் கொள்ளலாம். நோய் வரும் சாத்தியம் மட்டும் மரபணுவில் தெரிந்திருந்தால் கொள்ளக் கூடாது. கொழுந்தனார் ஊர்ச் சட்டம் டெக்சாஸில் எடுக்கும் பாலிசிக்குத் துணை வராது.

முகவரிடம்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கமிஷனுக்காக வேலை செய்யும் அவர், ஒரே பி.டி.எஃப்-ஐ நான்கு நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. விண்ணப்பப் படிவத்தில் மரபணுப் பரிசோதனை பற்றிய கேள்வி இருந்தால் மறைக்காமல் பதில் எழுதுங்கள்; பொய்யான விடை பின்னாளில் இழப்பீட்டையே மறுக்கக் காரணமாகலாம். படிவத்தில் இல்லாத எதையும் முகவர் கேட்டால், காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் எழுத்துமூலம் கேட்கச் சொல்லுங்கள். அவர் மழுப்பினால் வேறு முகவரைப் பாருங்கள்.