பேட்டில்ஃபீல்ட் 2042 ரசிகர்களை ஏன் ஏமாற்றியது?

படைவீரனின் கண்வழியே களத்தைப் பார்த்தபடி சுட்டு ஆடும் வீடியோ கேம் தொடர்களுள் பேட்டில்ஃபீல்ட் புகழ்பெற்றது. டைஸ் என்ற நிறுவனம் உருவாக்கி, ஈஏ நிறுவனம் 2021 நவம்பரில் வெளியிட்ட பேட்டில்ஃபீல்ட் 2042, தொடரின் அடித்தளமான இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் கலைத்துவிட்டது.

முதலாவது, அளவு. கணினியிலும் புதிய கன்சோல்களிலும் (வீடியோ கேம் ஆடும் கருவிகள்) 64 பேர் ஆடிய களம் 128 பேருக்கானதாக விரிந்தது. கபடி ஆடுகளத்தின் எல்லைக்கோட்டைக் கால்பந்து மைதானத்தின் ஓரம் வரை இழுத்துவிட்டால், ஆட்களை இரட்டிப்பாக்கினாலும் பிடிப்பதைவிட ஓடுவதே மிகுந்துவிடும். கத்தார் பாலைவனத்தில் அமைந்த ‘அவர்கிளாஸ்’ என்ற ஆட்டக்களத்தில் அதுதான் நடந்தது: மறைவிடமே இல்லாத மணலில் நெடுந்தூரம் ஓடி, கைப்பற்ற வேண்டிய கொடியை நெருங்கும் வேளையில், எங்கிருந்தோ வந்த தோட்டாவுக்கு விழ வேண்டியிருந்தது.

இரண்டாவது, என் பார்வையில் இதுவே பெரிய தவறு: மருத்துவர், பொறியாளர் என்று பொறுப்பு பிரித்துத் தந்த வகுப்புமுறையை நீக்கி, எவரும் எந்த ஆயுதத்தையும் எடுக்கலாம் என்றாக்கினார்கள். ஒருவரையொருவர் நம்ப வேண்டிய தேவை குறைந்ததால், குழு வெறும் கூட்டமானது. (வெளியான நாளில் குரல்வழிப் பேச்சு வசதிகூட இல்லை.) வகுப்புகள் 2023-இல்தான் திரும்பின.

தொழில்நுட்பப் பிழைகளே முழுக் காரணம் என்று பலர் கருதுவது சரியன்று. 2013-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 4-உம் பிழைகளோடுதான் வெளியானது, ஆனால் அதன் ஆட்ட அமைப்பு உறுதியாக இருந்ததால், அவை திருத்தப்பட்டதும் ரசிகர்கள் அதை விரும்பி ஆடினார்கள்.