அப்பாவின் 486-க்கு மெமரி கார்டு

கேள்வி: ஐயா, அப்பா மீன் கம்பெனிக் கணக்குப் போட்ட 486 என்ற பழைய கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று அடித்து நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகக் கேமரா மெமரி கார்டு போட்டு டாஸ் (அந்தக் காலத்து இயக்க மென்பொருள்) ஓட்டலாம் என்கிறார்கள். கார்டை இணைக்கும் அடாப்டரை நானே செய்ய முடியுமா?
(வாசகர், மண்டபம்)

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி. ஆனால் கார்டு காம்பாக்ட் ஃபிளாஷாக இருக்க வேண்டும். 1994-ல் வந்த அந்தக் கார்டுக்கு ஐடிஇ ஹார்டு டிஸ்க்கின் (உங்கள் 486-ல் இருக்கும் வகை) பாஷை தெரியும். நடுவில் சிப் வேண்டாம், வயர் போதும். எஸ்டி கார்டுக்கு அந்தப் பாஷை தெரியாது, மாற்றிச் சொல்ல ஒரு சிப் தேவை.

நான் கீழக்கரையில் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்ப்பவன். முதல் அடாப்டரைச் செய்தது ஒரு நோன்பு மாதத்தில். தராவீஹ் தொழுதுவிட்டு வந்து இரண்டு ராத்திரி காயில் கம்பியால் பற்ற வைத்தேன். கார்டில் 50 பின், இடைவெளி 1.27 மில்லிமீட்டர். நாம் வாங்கும் புள்ளி போர்டில் துளைக்குத் துளை 2.54. கண்ணாடி இல்லாமல் ஆகாது. எல்லாம் முடித்து கரண்ட் கொடுத்தால் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் புரோகிராம்) கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை! மீட்டர் வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்தேன், எல்லாம் சரி. மூன்றாம் நாள்தான் பிடிபட்டது: 9-ம் பின்னை கிரவுண்டில் சேர்க்கவில்லை. கரண்ட் ஏறும்போதே அது கிரவுண்டில் இருந்தால்தான் கார்டு ஹார்டு டிஸ்க்காக வேலை செய்யும். அதோடு 39-ம் பின்னையும் கிரவுண்டில் போடுங்கள், கார்டு மாஸ்டர், அதாவது கேபிளில் முதல் டிஸ்க், ஆகிவிடும். ஹார்டு டிஸ்க்கின் 40 பின் கேபிளில் கார்டுக்கு வேண்டிய கரண்ட் வராது. பிளாப்பி டிரைவுக்குப் போகும் சிவப்பு வயரிலிருந்து 5 வோல்ட் எடுங்கள். மஞ்சள் வயரைத் தொட வேண்டாம், அது 12 வோல்ட்.

512 எம்பிக்குள் கார்டு வாங்குங்கள். 486 காலத்துப் பயாஸ் பலதும் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் (டிஸ்க்கின் இடத்தைப் பிரித்து எண்ணும் அளவுகள்) வரைதான் எண்ணும். அதற்கு மேல் அதற்குத் தெரியாது. கேமராவில் கிடந்த கார்டு பூட் ஆகவில்லையென்றால் டாஸ் பிளாப்பியில் ஏறி 'எஃப்டிஸ்க் ஸ்லாஷ் எம்பிஆர்' (FDISK /MBR) கொடுங்கள், பூட் ஆவதற்கான தொடக்கப் பகுதியைப் புதிதாக எழுதிவிடும். பார்ட்டிஷனை (கார்டில் பிரித்த பகுதியை) ஆக்டிவ் செய்தீர்களா என்றும் பாருங்கள், பலரும் கோட்டை விடுவது அங்கேதான்.

இதற்கெல்லாம் முன்னால் மதர்போர்டைப் பாருங்கள். பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி ஒட்டியிருந்தால் இன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள். கசிந்திருந்தால் வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். மண்டபத்தில் கடல் இரண்டு பக்கமும் இருக்கிறது. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் என் கடையிலேயே கனெக்டர் பின்களில் பச்சை பூத்துவிடும். அடாப்டரின் பற்றவைப்பு மேல் வார்னிஷ் ஒரு பூச்சு பூசுங்கள், பின்களின் மேல் படக் கூடாது.

பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி. திரும்பத் திரும்ப ஓட்டியும் பார்க்காதீர்கள். அப்பாவின் கணக்கு அதில்தான் இருக்கிறது. எந்தப் புரோகிராமில் கணக்குப் போட்டார் என்று எழுதுங்கள், அதைக் கார்டில் ஏற்றும் வழியை அடுத்த இதழில் சொல்கிறேன்.